இடது காலை முன்வைத்தவர்கள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் இருமல் விட்டதா? பட்டறையில் வெள்ளைத் தூசி பறக்கும்போது துணியை மூக்கில் கட்டிக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்கிறாயா?

"வீட்டில் எல்லோரும் நலமா" என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருத்தி நான். மற்றவளுக்குப் பெயர் 'எல்லோரும்' இல்லை. அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டர் தாடைகளையும் சேர்த்துத்தான் கேட்டாய் என்றால், அவையும் நலம். புதிதாக ஒரு போலீஸ்காரரின் கீழ்த்தாடை வந்திருக்கிறது. மீசை இல்லாமல் பார்க்க மிகவும் சாதுவாக இருக்கிறார்.

அம்மா ஜன்னலோர மேசையில்தான் இருக்கிறாள். இப்போது மூன்று பல் டாக்டர்களுக்குப் பல்செட் கட்டித் தருகிறாள். உனக்கு அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்ததும் செய்தித்தாளில் ஒரு மூலையில் போட்டார்களே, அந்தக் காகிதம் அவள் பிளாஸ்டர் கலக்கும் கிண்ணத்துக்கு அடியில் இன்னும் கிடக்கிறது. சொட்டுச் சொட்டாக விழுந்து உன் முகத்தில் பாதி மறைந்துவிட்டது. "இந்தக் கைவேலையை யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டதற்கு, "யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது" என்று நீ சொன்ன வரியை மட்டும் இன்னமும் படிக்க முடிகிறது. அந்தக் காகிதத்தை அம்மா எடுத்துப் போடவும் இல்லை, வேறு மாற்றவும் இல்லை.

அன்றிலிருந்து அவள் உனக்கு எழுதவில்லை. நீயும் 'அம்மா' என்ற சொல்லை எழுதவில்லை. நடுவில் நான் சம்பளம் இல்லாத தபால்காரி. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீங்கள் இருவரும் பேச வேண்டும். இதைக் கேட்டால் இரண்டு பேருமே பேச்சை மாற்றுகிறீர்கள். அதனால் நானும் மாற்றுகிறேன்.

பள்ளியில் பட்டிமன்றம் வருகிறது. தலைப்பு: கிரேக்க நாகரிகம் தன் மண்ணில் தானே முளைத்ததா, கடல் கடந்து வந்ததா? உங்கள் அருங்காட்சியகத்தில் இதைப் பற்றி யாராவது பேசுவார்களா? தெரிந்ததை எழுது. துணியைக் கட்டிக்கொள்.

உன் தங்கை

ஜூன் 21

அன்புள்ள பூச்சிக்கு,

புத்தகத்துக்குள் குடியிருக்கும் உனக்கு என் விசாரிப்புகள். இருமல் பகலில் இல்லை. மற்ற நேரத்தில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதே.

பேசுவார்களாவா? இங்கே அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. புதிதாகக் கிரேக்கக் கூடம் திறக்கப் போகிறார்கள். எல்லாம் பிளாஸ்டர் நகல்கள்தான். மூலச் சிலைகள் எங்கெங்கோ நாடுகளில் நிற்கின்றன. நான் வார்த்துக்கொண்டிருப்பது ஓர் இளைஞனை. நேராக நிற்கிறான், கைகள் இரண்டும் தொடையை ஒட்டி, விரல்கள் மூடி, இடது கால் முன்னே. உதட்டில் எதற்கென்று தெரியாத ஒரு சிரிப்பு.

பக்கத்துக் கூடம் எகிப்து. அங்கேயும் ஒருவன் நிற்கிறான். அதே கைகள், அதே மூடிய விரல்கள், அதே இடது கால். இவனைவிட அவனுக்கு ஆயிரம் வயதுக்கு மேல் கூடுதல்.

கூடத்தின் தலைவர் வயதானவர். கிரேக்கம் ஊற்று போல அந்த மண்ணிலிருந்தே பொங்கியது என்று எப்போதும் சொல்வதால் பட்டறையில் அவருக்கு ஊற்று சார் என்று பெயர். ஆய்வு செய்யும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். எழுத்து, சிற்பம், சாமி எல்லாம் எகிப்திலிருந்தும், கடல் வணிகர்களின் நாடான பினீசியாவிலிருந்தும் கப்பலில் வந்தவை என்பார். அவர் கப்பல் மேடம். நேற்று என் ஏணிக்குக் கீழே நின்று இருவரும்:

"அவங்க யார்கிட்டயும் கடன் வாங்கலம்மா. மலையில ஊற்று வர்ற மாதிரி வந்தது."

"ஊற்று வரணும்னா எங்கேயோ மழை பெஞ்சிருக்கணும் சார்."

"மழை எல்லா ஊர்லயும்தான் பெய்யுது. ஊற்று எல்லா ஊர்லயுமா வருது?"

நான் மேலே இருந்துகொண்டு இளைஞனின் காதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சொன்னது சரியாகவே பட்டது.

ஒன்று கவனித்தேன், உனக்கு உதவும். எகிப்துக்காரனின் கால்களுக்கு நடுவே கல் அப்படியே இருக்கிறது. முதுகுக்குப் பின்னாலும் ஒரு கல்தூண். அவன் கல்லிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. கிரேக்கக்காரனுக்கு அந்தக் கல் இல்லை. கால்களுக்கு நடுவே காற்று. இரண்டு பேரின் படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மழையில் நனையாதே.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பகல் இருமலும் மற்ற நேரத்து இருமலும் சேர்ந்து குணமாக வேண்டுகிறேன். நான் நலம்.

படத்தை வரலாற்று டீச்சரிடம் காட்டினேன். எகிப்துக்காரனைப் பார்த்து "அருமை" என்றார். கிரேக்கக்காரனைப் பார்த்ததும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சட்டை போட்ட படம் ஏதும் கெடைக்கலையா?" என்றார். வகுப்பில் முன் வரிசை முழுக்கச் சிரித்து ஓய்வதற்குள் மணி அடித்துவிட்டது.

எனக்குக் கொடுத்திருப்பது 'தானே முளைத்தது' கட்சி. மறுகட்சிக்கு எங்கள் வகுப்பு ஒலிபெருக்கி. அவள் மெதுவாகப் பேசினாலே அடுத்த வகுப்பில் எழுதிக்கொள்வார்கள். அதனால் தினமும் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

கிரேக்கர்கள் தங்கள் எழுத்தையே 'பினீசிய எழுத்து' என்றுதான் சொல்லிக்கொண்டார்களாம். அவர்களின் முதல் எழுத்து, பினீசியர்களிடம் காளைத் தலையாக இருந்து, திரும்பித் திரும்பி, தலைகீழாகிவிட்டதாம். இதைப் படித்துக்கொண்டே மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டேன். வெளியே மழை. கனவில் ஒரு கப்பல். துடுப்பு இல்லை, ஆள் இல்லை. உள்ளே எழுத்துகள் மட்டும், ஆடுமாடு மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றுகொண்டிருந்தன. கரையில் உன் இளைஞன் இடது காலை முன்வைத்துக் காத்திருந்தான். கப்பல் வருவதற்குள் நூலகர் என்னை எழுப்பி, "புத்தகத்துல எச்சில் ஒழுகுது பாரு" என்றார்.

படத்தை அம்மாவும் பார்த்தாள். நான் காட்டவில்லை, மேசையில் இருந்தது, பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவன் உதட்டையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "மேல்வரிசைல ஒரு பல்லும் இல்லாதவன் சிரிக்கிற மாதிரி இருக்கு. அளவெடுத்தா நல்லா கட்டிக் குடுத்துடலாம்" என்றாள். பிறகு, "இதை யார் வார்க்கிறது?" என்று கேட்டாள். "அக்கா" என்றேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

தூளைத் தண்ணீரில் தூவினாள். தண்ணீரைத் தூளில் ஊற்றக் கூடாது, தூளைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும், மிதக்கும் தீவுகள் எல்லாம் தானாக முழுகும்வரை கரண்டியைத் தொடக் கூடாது. உனக்கு நினைவிருக்கிறதா? நீ நாற்காலியில் ஏறி நின்று தீவுகளுக்குப் பெயர் வைப்பாய். நான் அழுதால் ஒரு தீவை எனக்குத் தருவாய். அது உடனே முழுகிவிடும்.

தூங்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்.

உன் தங்கை

ஜூலை 27

அன்புள்ள பூச்சிக்கு,

நலம். நீயும் அப்படியே இரு.

தீவுகள் நினைவிருக்கின்றன.

இங்கே சண்டை இப்போது ஒரு கதவுக்கு வந்து நிற்கிறது. எகிப்துக் கூடத்துக்கும் கிரேக்கக் கூடத்துக்கும் நடுவே பழைய வாசல் ஒன்று இருக்கிறது. அலமாரி ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. அலமாரியை நகர்த்தினதும் இரண்டு இளைஞர்களும் அந்த வாசல் வழியாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். நான் அப்போது தனியாக இருந்தேன். காலை வெயில் ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாய் விரித்தது போல் கிடந்தது. தூசி மிக மெதுவாக அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தது. யாரோ இப்போதுதான் நடந்து வந்தது போல.

ஜனங்கள் எகிப்து வழியாகத்தான் கிரேக்கத்துக்கு வர வேண்டும், வாசல் திறந்தே இருக்கட்டும் என்கிறார் கப்பல் மேடம். தோட்டத்துப் பக்கமிருந்து வரட்டும், அவனைத் தனியாக வெளிச்சத்தில் பார்க்கட்டும், இந்த வாசலை அடைத்துவிடு என்கிறார் ஊற்று சார். முடிவு அவருடையது. அடைக்க வேண்டியது பிளாஸ்டர் கை. அதாவது நான். என் வேலையை நிரந்தரமாக்கும் கையெழுத்தும் அவருடையதுதான்.

பட்டிமன்றத்தில் நன்றாகப் பேசு. தண்ணீர் குடித்துவிட்டு மேடை ஏறு.

அக்கா

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் என்னவோ. பட்டிமன்றத்தில் எனக்கு முதல் பரிசு.

ஒலிபெருக்கி முதலில் பேசினாள். கப்பல், எழுத்து, சிற்பம் என்று அடுக்கிவிட்டு, "எதிர்க்கட்சித் தோழி போட்டிருக்குற ரிப்பனே என்கிட்ட கடன் வாங்கினதுதான்" என்றாள். அது உண்மை. கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

நான் எழுந்து, பழைய அரண்மனைகளில் கிடைத்த களிமண் பலகைகளைச் சொன்னேன். பினீசிய எழுத்து வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அவற்றில் கிரேக்க மொழி இருக்கிறதே என்றேன். "அந்த எழுத்தையும் பக்கத்துத் தீவுக்காரங்ககிட்டதான வாங்கினாங்க!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். அப்போதுதான் எனக்கு வேகம் வந்தது. வாங்கினார்கள், சரி. பினீசிய எழுத்தில் மெய் மட்டும்தான் இருந்தது. தங்களுக்கு வேண்டாத சில குறிகளை எடுத்து அவற்றுக்கு உயிர் ஒலி கொடுத்தது யார்? நிற்கும் முறையை எகிப்தில் பார்த்திருக்கலாம். கால்களுக்கு நடுவே இருந்த கல்லை எடுத்தது யார்? வெறுமனே நகல் எடுப்பவன் கல்லையும் சேர்த்துத்தானே செதுக்கியிருப்பான்?

நடுவராக வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கல் விஷயம் பிரமாதம். யாரும்மா உனக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "யாரும் இல்லை சார். நானே பார்த்துக் கண்டுபிடிச்சேன்."

அக்கா, சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. மூச்சு விடுவது போல வந்தது. வெளிச்சம் என் மேல் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இன்னொருத்தியை மேடைக்குக் கூப்பிட இடமே இல்லாதது போல் இருந்தது. கீழே இறங்கினபோதுதான் உன் ஏணியும், சுரண்டிய காதும், நீ எழுதிய எழுத்தும் நினைவுக்கு வந்தன.

பரிசாகக் கிடைத்த பேனாவில்தான் இதை எழுதுகிறேன். உனக்கு அனுப்பட்டுமா? செய்தித்தாள்காரரிடம் நீ சொன்னதும் இப்படித்தான் வந்ததா? கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உன் தங்கை

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன்.

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். நான் கேட்டது தப்பா? தப்பென்றால் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மற்றதற்குப் பதில் எழுது.

நேற்று அம்மா, "அவ இருமல் எப்படி இருக்காம்?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. போலீஸ்காரரின் தாடையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்று சொல்ல மனம் வராமல், "பரவாயில்லையாம்" என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யாக்காதே.

உன் தங்கை

செப்டம்பர் 30

அன்புள்ள பூச்சிக்கு,

நீ பொய் சொல்லவில்லை. இருமல் பரவாயில்லை.

பேனாவை நீயே வைத்துக்கொள். கல்லை நான் பார்த்தேன். அதை வைத்து வாதாடத் தெரிந்தது உனக்கு. அந்தப் பதில் எப்படி வந்தது என்று எழுதியிருந்தாய். படித்தேன். பல தடவை படித்தேன்.

அன்று என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். கிரேக்கம், பளிங்கு, விகிதம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் பல்செட் என்று ஒரு சொல்லை எப்படி வைப்பது?

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். இளைஞனின் வாய் மட்டும். சோதனைக்காக வார்த்தது. சிரிப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். யாரை என்று எழுதவில்லை. அந்த வீட்டில் வாயைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான்.

வாசலை அடைக்கும் வேலையைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இனித் தள்ள முடியாது. தினமும் காலையில் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறேன். தூளைத் தூவக் கை போகவில்லை. அந்தப் பக்கத்துக்காரன் வாசல் வழியாக இவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ சிரிக்காதே.

அக்கா

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா நலம். நீ கேட்காவிட்டாலும் இனி எழுதுவேன்.

பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. "யாருக்கு?" என்றாள் அம்மா. "வாயைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்காம்" என்றேன். மெழுகு செதுக்கும் கத்தியால் நூலை அறுத்தாள். உனக்கு அவளைத் தெரியுமே. சிரிப்பைப் பார்க்கவே இல்லை. உடனே திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அடியில் ஒரு குழி. கட்டைவிரல் குழி.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் இல்லையா? அந்தச் சூட்டை அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள் அம்மா. அதனால் குழி விழும். இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், இது ஒரு பழக்கம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அம்மா அந்தப் பக்கம் போனதும் அலமாரியில் இருக்கும் தாடைகளை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். போலீஸ்காரர், பள்ளி வாட்ச்மேன், தையல்கடைக்காரர், எல்லோருக்கும் அடியில் அதே குழி. முன்பக்கம் ஊர்ச் சிரிப்பு, பின்பக்கம் அம்மா. உன் கிரேக்கனுக்கும்.

தன் கட்டைவிரலை உன் குழியில் வைத்துப் பார்த்தாள். "பெருசா இருக்கு. கை வளர்ந்துடுச்சு" என்றாள்.

"உனக்கு யாரும்மா இந்த வேலையச் சொல்லிக் குடுத்தா?"

"பல் கட்டுற பட்டறைல ஒரு கிழவர் இருந்தாரு. வாயத் திறந்தா திட்டுதான். அவர் விரல் வெப்பாரு. நானும் வெச்சேன்."

"அவருக்கு?"

"அதை நான் கேக்கவே இல்லையே." கொஞ்சம் யோசித்தாள். "அவர் பேரக்கூட யார்கிட்டயும் சொன்னதில்ல நான். டாக்டருங்க கேட்டா, எல்லாம் நானா கத்துக்கிட்டதுதான்னு சொல்லுவேன்." சொல்லிவிட்டுத் திடுக்கிட்டவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவைப் பற்றிச் சொன்னேன். அடைத்தால் உனக்கு மனசு கேட்காது, அடைக்காவிட்டால் வேலை நிலைக்காது என்றேன். வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஓரமெல்லாம் சோப்புத் தண்ணி தடவிட்டு அடைக்கச் சொல்லு. ஒட்டாது. பின்னாடி யாருக்காவது மனசு மாறினா, ஒரு தட்டு தட்டினா முழுசா வந்துடும்."

நீ போன பிறகு உனக்கென்று அவள் சொன்ன முதல் பேச்சு இது. ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை

அக்டோபர் 25

அன்புள்ள பூச்சிக்கு,

நலம். நல்ல பசி, நல்ல தூக்கம்.

அடைத்துவிட்டேன். சணல் நார் கலந்து ஒரே பலகையாக, மெல்லியதாக வார்த்து, வாசலில் பொருத்தினேன். ஓரங்களில் சோப்புத் தண்ணீரை மூன்று கை தடவினேன். அச்சிலிருந்து வார்ப்பு பிரிவதற்குத் தடவுவோமே, அதே பதம். சுண்ணாம்பு அடித்த பிறகு சுவர் எது, வாசல் எது என்று எனக்கே தெரியவில்லை. ஊற்று சார் தடவிப் பார்த்து, "உன் கையே கை" என்றார். கப்பல் மேடம் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருடைய டீ ஆறிப்போய் ஏணியின் மேலேயே இருந்தது.

அடுத்த மாதம் நடுவில் கூடம் திறக்கிறார்கள். இத்துடன் அழைப்பு அட்டை வைத்திருக்கிறேன். இரண்டு.

இரண்டு என்று எழுதியதைக் கவனி.

அக்கா

நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் அம்மா முழுக்கத் தூங்கினாள். நான் நலம், ஆனால் இன்னும் முழுதாக வீடு வந்து சேரவில்லை. கண்ணை மூடினால் வெள்ளையாக இருக்கிறது.

நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் தோட்டத்து வாசலில் விருந்தினர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்ததால் முதல் பாதியை நீ பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மற்றவர்கள் எல்லோரும் அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா கீழே பீடத்தைச் சுற்றி வந்தாள். குழியைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஊற்று சார் பேசத் தொடங்கினார். நல்ல குரல் அவருக்கு. இருள் சூழ்ந்த காலம், பிறகு ஒரு மண்ணிலிருந்து தானாகப் பொங்கிய ஒளி என்றெல்லாம் சொன்னபோது, அது என் கட்சியா மறுகட்சியா என்பதையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா இல்லை.

சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். உன் சுவர். காதைக் கிட்டே வைத்து, விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். எந்த வார்ப்பையும் அப்படித்தானே பார்ப்பாள், உள்ளே நன்றாக இறுகியிருக்கிறதா என்று. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மகள் வேலை எப்படி என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒரு தட்டு. சுவர் ஒரு பெரிய பெருமூச்சு விட்டது. பிறகு அவ்வளவு பெரிய வெள்ளைப் பலகை, அவசரமே இல்லாமல், தூக்கம் வந்தவர் படுக்கையில் சாய்வது போல, எகிப்துப் பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. தூசி எழுந்து கூடம் முழுக்க நிறைந்தது. யாரும் இருமக்கூட இல்லை. தூசிக்குள் அம்மா கையைத் தூக்கியபடியே நின்றாள். மெல்ல மெல்ல அது அடங்க, அவளுக்குப் பின்னால் அவன் தெரிந்தான். மூடிய விரல், இடது கால் முன்னே. எங்கள் பக்கத்தில் இவன், மூடிய விரல், இடது கால் முன்னே. இருவரும் ரொம்ப தூரம் நடந்து, அந்த நிமிடம்தான் வந்து சேர்ந்தது போல இருந்தது. ஒரு குழந்தை மட்டும், "அவங்க அண்ணன் தம்பியா?" என்று கேட்டது.

நீ ஓடி வந்தாய். ஊற்று சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரும்மா இவங்க?" என்றார். செய்தித்தாள்காரர்களும் இருந்தார்கள். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, அக்கா. கப்பல் வருமா வராதா என்று கரையில் நிற்பது போல இருந்தது.

"எங்கம்மா சார். பல்செட் கட்டுறவங்க. இந்த வேலை எனக்கு இவங்க சொல்லிக் குடுத்தது" என்றாய்.

அம்மா உன்னைப் பார்க்கவில்லை. ஊற்று சாரைப் பார்த்து, "நெஜமாவே மெதுவாத்தான் தட்டினேன் சார்" என்றாள்.

அவர் வெகுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெயில் அங்கிருந்து வந்து இளைஞனின் முழங்கால் வரை ஏறியிருந்தது. கடைசியில் ஊற்று சார் சொன்னார்: "வெளிச்சம் நல்லா விழுது. இருக்கட்டும். ஆனா ஜனங்க தோட்டத்து வழியாத்தான் வரணும். என் பையனைத்தான் முதல்ல பாக்கணும்." "சரி சார்" என்றார் கப்பல் மேடம், இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தால் கெட்டுவிடும் என்பது போல.

அதற்குப் பிறகு நீயும் அம்மாவும் அந்த வாசல் வழியாக அந்தப் பக்கம் போனீர்கள், விழுந்த பலகையைப் பார்க்க. உடைந்த இடத்தில் குனிந்து இரண்டு பேரும் சணல் நாரை இழுத்துப் பார்த்தீர்கள். நீங்கள் பேசியது என் காதில் விழவில்லை. நான் இந்தப் பக்கமே நின்றேன். அம்மா வாசலைத் தாண்டும்போது இடது காலைத்தான் முதலில் எடுத்து வைத்தாள். இதையும் நீ பார்த்திருக்க மாட்டாய். உன் கண் கீழே இருந்தது.

தூசி இன்னும் என் ரிப்பனில் இருக்கிறது. ஒலிபெருக்கியிடம் துவைக்காமல் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

உன் தங்கை

டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். உறையில் உன் எழுத்து. பெயர் என்னுடையது இல்லை. நான் இந்த வீட்டின் தபால்காரி வேலையிலிருந்து நீக்கப்பட்டேன் என்று புரிந்துகொண்டேன். உன் வேலையாவது நிரந்தரமானதா? யாரும் எனக்குச் சொல்வதில்லை.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். மூன்று பக்கம். எனக்கு நீ ஒரு நாளும் மூன்று பக்கம் எழுதியதில்லை. நடுவில் இரண்டு முறை சிரித்தாள், ஒரு முறை கண்ணாடியைத் துடைத்தாள். கேட்டால், "அது எங்க வேலை விஷயம், உனக்குப் புரியாது" என்கிறாள்.

பிறகு எழுந்து, கிண்ணத்துக்கு அடியில் இருந்த காகிதத்தை எடுத்தாள். குப்பையில் போடவில்லை. தட்டில் தண்ணீர் வைத்து அதில் மிதக்க விட்டிருக்கிறாள். படிந்த பிளாஸ்டரை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருக்கிறாள். உன் முகத்தின் மறுபாதி வந்துகொண்டிருக்கிறது. நெற்றி வந்துவிட்டது.

உன் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினாள்: "வீட்டில் மற்ற எல்லோரும் நலமா?"

அந்த மற்ற எல்லோரும் நான்தான். நலம்.

உன் தங்கை